மியூனிக்கிலிருந்து ஒரு வார இறுதி: வியன்னாவா, பிராக்கா?

மியூனிக்கில் படிக்க வந்தவர்களின் வாட்ஸப் குழுவில் செமஸ்டர் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: இந்த வாரம் வியன்னா போகலாமா, பிராக் போகலாமா? உடனே ஆளாளுக்குப் படம் அனுப்புவார்கள். படத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. இரண்டு ஊரும் படத்தில் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும், ஞாயிறு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், டிக்கெட்டை எத்தனை நாள் முன்னால் எடுக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதிவிட்டால் ஊர் தானாகவே தெரிந்துவிடும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: காகிதம் சரியாக இருக்கிறதா?

வியன்னா இருக்கும் ஆஸ்திரியா, பிராக் இருக்கும் செக் குடியரசு இரண்டும் ஜெர்மனியைப் போலவே ஷெங்கன் நாடுகள், அதாவது பொது விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகள். ஜெர்மனியின் குடியிருப்பு அட்டையோ, செல்லுபடியாகும் டி வகை தேசிய விசாவோ இருந்தால் தனி விசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். ஆனால் குடியிருப்பு அட்டை மட்டும் போதாது, அசல் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். போனில் இருக்கும் ஸ்கேன், நகல் எதுவும் எடுபடாது. ஹாஸ்டலில் அறை தரும்போதும் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

இரண்டு நிலைகளில் கொஞ்சம் நிதானம் தேவை. விசா முடியப் போகிறது, புது அட்டை இன்னும் கையில் வரவில்லை என்றால் முதல் நிலை. புதுப்பிக்க விண்ணப்பித்தபின் தரும் தற்காலிகச் சான்றான ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் மட்டும் கையில் இருந்தால் இரண்டாவது. அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும். எல்லை தாண்டும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள்ளேயே சுற்ற நிறைய ஊர் இருக்கிறது.

"ஷெங்கன்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 முதல் சோதனை வைத்திருக்கிறது. செக் எல்லையில் 2023 அக்டோபர் முதல். 2024 செப்டம்பர் 16 முதல் எல்லா நில எல்லைகளிலும். போகும்போது யாரும் கேட்காமல் இருக்கலாம். திரும்பும்போது வியன்னா ரயில் எல்லை ஊரான ஃப்ரைலாசிங் பக்கம் நிற்கும், போலீஸ் பெட்டி பெட்டியாக ஏறி வரும். பிராக் பஸ்ஸை எல்லையில் ஓரங்கட்டி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஒருவரிடம் காகிதம் சரியில்லை என்றால் மொத்தப் பஸ்ஸும் நிற்கும். ஞாயிறு இரவுக் கணக்கில் இதற்காக முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு: அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டைதான், அது இரண்டு நாட்டிலும் செல்லும். தனியார் காப்பீடு எடுத்தவர்கள், குறிப்பாக 30 வயது கடந்து சேர்ந்தவர்களும் மொழி வகுப்புக்கு மட்டும் வந்தவர்களும், வெளிநாடு அடங்குமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன் சிம் இரண்டு ஊரிலும் கூடுதல் கட்டணமில்லாமல் வேலை செய்யும்.

படி 2: கையில் இருக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள்

வரைபடத்தில் பிராக்தான் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் வியன்னாதான் பக்கம். மியூனிக்–வியன்னா நேரடி ரயில்ஜெட் சுமார் 4 மணி நேரம், பகலில் ஏறக்குறைய இரண்டு மணிக்கொன்று. சால்ஸ்பர்க், லின்ஸ் வழியாக வியன்னா ஹவுப்ட்பான்ஹோஃபில், அதாவது பிரதான ரயில் நிலையத்தில், இறக்கிவிடும். வெஸ்ட்பான் என்ற தனியார் ரயிலும் இதே பாதையில் ஓடுகிறது. மியூனிக்–பிராக் நேரடி ரயில் ரேகன்ஸ்பர்க், ஃபுர்த் இம் வால்ட், பில்சன் என்று சுற்றிப் போய் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அந்தப் பாதையில் பெரிய பகுதி ஒற்றைத் தண்டவாளம், எல்லையை ஒட்டி மலைக்காடு, வேகம் கிடையாது. அதனால்தான் பிராக்குக்குப் பெரும்பாலானோர் பஸ்ஸில் போகிறார்கள். சாலை நன்றாக இருந்தால் சுமார் 5 மணி நேரம்.

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள். வெள்ளி வகுப்பு 2 மணிக்கு முடிகிறது, 4 மணி வாக்கில் வண்டி. வியன்னாவில் இரவு 8, பிராக்கில் 9 முதல் 9.30. வெள்ளி இரவைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை, இரண்டிலும் சாப்பிட்டுத் தூங்கத்தான் நேரம். வித்தியாசம் தெரிவது ஞாயிறன்று. இரவு 10 மணிக்கு மியூனிக்கில் இருக்க வேண்டுமென்றால் வியன்னாவில் 5 மணி வரை இருக்கலாம். பிராக்கிலிருந்து 4 மணிக்குள் பஸ் ஏறியாக வேண்டும். ஞாயிறு மாலை நெடுஞ்சாலை நெரிசல் வேறு. திங்கள் காலை 8 மணிக்கு லேப் இருப்பவர் பிராக்கிலிருந்து ஞாயிறு கடைசிப் பஸ்ஸை நம்பக் கூடாது. சனிக்கிழமை காலையில்தான் கிளம்ப முடியும் என்றால் வியன்னாதான். பிராக்குக்கு அப்படிப் போனால் போய் வரவே பத்து மணி நேரம் போய்விடும்.

இரவுப் பஸ் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி நள்ளிரவு ஏறினால் ஒரு இரவு ஹாஸ்டல் செலவு மிச்சம் என்பது கணக்கில் அழகாக இருக்கும். நடப்பது வேறு: விடிகாலை நாலரை, ஐந்து மணிக்குப் பிராக்கின் ஃப்ளோரென்ட்ஸ் பஸ் நிலையத்தில் இறங்குவீர்கள், ஹாஸ்டல் அறை பிற்பகல் 2 மணிக்குத்தான். தூக்கமில்லாமல் சனி முழுக்க நடந்தால் மாலை 5 மணிக்கு உடம்பு நின்றுவிடும். மிச்சமான காசு காபியில் போய்விடும்.

படி 3: காலண்டரைப் பாருங்கள்

அநேகம் பேர் தாண்டிப் போகும் படி இது. வார இறுதி என்பதாலேயே மூடியிருக்கும் இடங்கள் இரண்டு ஊரிலும் உண்டு.

பிராக்கின் யூத அருங்காட்சியகமும், அதன் ஜெபாலயங்களும், பழைய கல்லறையும் சனிக்கிழமை மூடியிருக்கும். யூதர்களின் ஓய்வு நாள் அது. பிராக் போவதே அதற்காகத்தான் என்றால் ஞாயிறு காலையை அதற்கு வையுங்கள். புனித வீட்டஸ் பேராலயம் ஞாயிறு காலை பூசைக்காகப் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும், நண்பகலுக்குப் பிறகுதான் திறக்கும். ஆகவே பிராக்கின் வரிசை ஏற்கெனவே முடிவாகிவிட்டது: சனி கோட்டை, ஞாயிறு யூதர் பகுதி. மாற்றிப் போட்டால் இரண்டும் கிடைக்காது.

வியன்னாவில் ஞாயிறு கடைகள் இல்லை. சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடியிருக்கும். பிரதான ரயில் நிலையம், வெஸ்ட்பான்ஹோஃப், ப்ராட்டர்ஷ்டெர்ன் போன்ற சில நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஊரே வரிசையில் நிற்கும். நாஷ்மார்க்ட் சந்தையும் ஞாயிறு கிடையாது. அது சனிக்கிழமை போக வேண்டிய இடம். அன்று காலை பழைய சாமான் சந்தையும் அதன் ஓரத்தில் சேர்ந்திருக்கும். பிராக்கில் ஞாயிறும் கடை திறந்திருக்கும். ஆனால் சில பொது விடுமுறை நாட்களில் பெரிய கடைகளை மூடச் சட்டம் இருக்கிறது: மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28 அவற்றில் சில.

பருவமும் முக்கியம். வியன்னா அரசு ஓபரா செப்டம்பர் முதல் ஜூன் வரைதான். ஜூலை, ஆகஸ்டில் மேடை ஓய்வு. ஓபராவுக்காக வியன்னா என்று நினைப்பவர் கோடையில் போய்ப் பயனில்லை. டிசம்பரில் இரண்டு ஊரிலும் கிறிஸ்துமஸ் சந்தை. வியன்னாவில் நவம்பர் நடுவிலேயே தொடங்கிப் பெரும்பாலும் டிசம்பர் 26 வாக்கில் முடித்துவிடுவார்கள். பிராக்கின் பழைய நகரச் சதுக்கச் சந்தை நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 6 வரை போகும். விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருப்பவர்களுக்கு, கிறிஸ்துமஸ் முடிந்த அந்த வெறிச்சோடிய வாரத்தில் பிராக் நல்ல தேர்வு.

மழை வாரம் என்று வானிலை சொன்னால் வியன்னா. கூரைக்கு அடியில் இரண்டு நாள் தாராளமாகப் போகும். பிராக்கின் சுகம் நடப்பதில்தான். பாலம், மேடு, ஆற்றங்கரை. நனைந்த கருங்கல் பாதையில் தேய்ந்த ஷூவோடு கோட்டை மேட்டில் இறங்குவது சுகமில்லை.

படி 4: பணம், டிக்கெட் எடுக்கும் நாளைப் பொறுத்தது

2024 செப்டம்பரிலிருந்து முடக்கக் கணக்கிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) மாதம் 992 யூரோதான் கைக்கு வருகிறது. வாடகை, காப்பீடு போக மிச்சத்தில்தான் பயணம். ஆகவே இந்தப் படியை அவசரமாகத் தாண்ட வேண்டாம்.

வியன்னாவின் செலவில் பெரும்பகுதி ரயில். ஆஸ்திரிய ரயில்வேயின் ஷ்பார்ஷீனே என்ற சலுகை டிக்கெட்டை மூன்று நான்கு வாரம் முன்னால் எடுத்தால் ஒரு வழி சுமார் 30 யூரோவுக்குள் முடியும். அதே ரயிலுக்குக் கிளம்பும் வாரத்து வியாழக்கிழமை எடுத்தால் மூன்று மடங்கு கொடுக்க நேரிடும். ஒரே ரயிலின் டிக்கெட்டை ஜெர்மன் ரயில்வே செயலியிலும் ஆஸ்திரிய ரயில்வே செயலியிலும் பாருங்கள், விலை வேறாக இருக்கும். சலுகை டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான், தவறவிட்டால் போனதுதான். வெள்ளி, ஞாயிறு மாலை ரயில்களில் இருக்கை முன்பதிவை மட்டும் விட வேண்டாம். சில யூரோதான். டிக்கெட் வேறு, இருக்கை வேறு என்பது இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு முதலில் புரியாது: டிக்கெட் இருந்தும் நான்கு மணி நேரம் கழிவறைப் பக்கம் நிற்பவர்களை ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கலாம்.

பிராக் பஸ் டிக்கெட் கடைசி நாளிலும் அவ்வளவாக ஏறாது. ஒரு வாரத்துக்குள் முடிவு செய்பவர்களுக்கு இதனாலேயே பிராக் லாபம். ஊருக்குள்ளும் ஹாஸ்டல், சாப்பாடு, பீர் எல்லாம் வியன்னாவைவிடக் குறைவு; சுற்றுலாப் பயணிகள் நிறையும் பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. (2026 ஜனவரி முதல் அதன் விலை மாதம் 63 யூரோ, மாணவர் செமஸ்டர் டிக்கெட் அதைவிடக் குறைவு.) மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் பிரதான நிலையம் வரை அது செல்லும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அங்கிருந்து வியன்னாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும், இன்னும் சுமார் இரண்டரை மணி நேரம். பிராக் பாதையிலும் எல்லை ஊரான ஃபுர்த் இம் வால்ட் வரை இதே டிக்கெட் செல்லும். அதற்கு அப்பால் செக் ரயில்வேயின் டிக்கெட்டை அவர்கள் செயலியில் எடுத்துவிடலாம்.

இதில் எங்கே கோட்டை விடுகிறார்கள்? சால்ஸ்பர்க்கில் 12 நிமிட இடைவெளி வைத்து அடுத்த சலுகை டிக்கெட்டை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒரே டிக்கெட்டில் போனால், ரயில் தாமதத்தால் இணைப்பு போனாலும் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்வது ரயில்வேயின் பொறுப்பு. 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம். இரண்டு தனி டிக்கெட் என்றால் அந்த உரிமை நடுவிலேயே அறுந்துவிடும். சால்ஸ்பர்க்கில் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். திரும்பும்போது எல்லைச் சோதனை சால்ஸ்பர்க் தாண்டித்தான், அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது எந்த வட்டார ரயிலிலும் ஏறும் டிக்கெட். ஆகவே திரும்பும் பயணத்தில் இந்த வழி பாதுகாப்பானது. போகும்போது நேரடி ரயில், வரும்போது பிரித்த டிக்கெட் என்று கலந்தும் எடுக்கலாம்.

பிராக் ரயிலில் ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் பிராக் என்று இருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியில் சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும்.

படி 5: உங்களுக்கு எது பிடிக்கும்?

காகிதம், நேரம், காலண்டர், பணம் நான்கும் இரண்டு ஊருக்கும் சரி என்றால்தான் ரசனைக்கு இடம்.

தனியாகப் போகிறீர்கள், இசை, ஓவியம், காபிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பிடிக்கும்: வியன்னா. நாலைந்து பேராகப் போகிறீர்கள், நடக்கப் பிடிக்கும், இரவில் பீர் கடை: பிராக். ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்தவர்களுக்கு வியன்னா நல்ல பயிற்சி. உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் உதைக்கும். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், முழங்கால் வலி என்றால் யோசிக்கவே வேண்டாம், வியன்னா. சமதளம், ட்ராம், லிஃப்ட், நல்ல கழிவறை. பிராக்கின் கருங்கல் பாதையில் சக்கரப் பெட்டியை இழுப்பதே கஷ்டம், அவர்களை நடக்கவைப்பதைச் சொல்ல வேண்டாம்.

ஒரே வார இறுதியில் இரண்டையும் பார்த்துவிடலாமே என்று ஒருவர் கேட்பார். இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் நான்கு மணி நேரம். மூன்று பயணமும் சேர்த்தால் பதிமூன்று, பதினான்கு மணி நேரம் வண்டியில். திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முன்பதிவு செய்யும் வரிசை

முதலில் ஞாயிறு திரும்பும் டிக்கெட். முதலில் தீர்வதும் விலை ஏறுவதும் அதுதான். அடுத்து வெள்ளி டிக்கெட். அதன்பின் ஹாஸ்டல், ரத்து செய்யக்கூடியதாக. கடைசியாக நேரம் குறித்த நுழைவுச் சீட்டு தேவைப்படும் இடங்கள்.

வியன்னாவில் பிரதான நிலையத்தையோ வெஸ்ட்பான்ஹோஃபையோ ஒட்டித் தங்கினால் போதும். மெட்ரோவில் பத்து நிமிடத்தில் நடு ஊர். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். பிராக்கில் பழைய நகரத்துக்குள் தங்காமல் கார்லீன், ஜிஷ்கோவ், வினோஹ்ராடி பக்கம் பாருங்கள். விலை குறைவு, இரவில் சத்தமும் குறைவு. பிராக் மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், வார இறுதியில் சற்றுக் கூடுதல் நேரம். அதன்பின் 90களில் எண் கொண்ட இரவு ட்ராம்கள். எல்லாம் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் கூடும். வழி தெரியாமல் போனால் லாசார்ஸ்கா என்று கேட்டால் போதும். சில ஹாஸ்டல்கள் ஊர் வரியை அறை வாடகையில் சேர்க்காமல் நேரில் வாங்கும்.

மியூனிக்கில் பஸ் கிளம்பும் இடம் பிரதான ரயில் நிலையம் அல்ல, ஹாக்கர்ப்ரூக்கே அருகில் இருக்கும் மத்தியப் பஸ் நிலையம். பிரதான நிலையத்திலிருந்து எஸ்-பான் என்ற நகர ரயிலில் ஒரே நிறுத்தம். ஆனால் நகரைக் குறுக்கே வெட்டும் அந்த எஸ்-பான் பாதையை வார இறுதிகளில் வேலைக்காக அடிக்கடி மூடுகிறார்கள். 16 அல்லது 17 எண் ட்ராம் அங்கே போகும், இல்லையென்றால் நடை.

வியன்னாவில் இறங்கியதும்

மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. தாள் டிக்கெட்டை நீலப் பெட்டியில் செருகி நேரம் குத்த வேண்டும்; குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான், அபராதம் 100 யூரோவுக்கு மேல். 2026 ஜனவரியில் கட்டணம் உயர்ந்திருப்பதால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் 24 மணி நேர டிக்கெட் விலையை நம்ப வேண்டாம். செயலியில் எடுத்தால் சற்றுக் குறைவு.

மாணவர் சலுகை எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். பல அருங்காட்சியகங்களில் அது 25 அல்லது 26 வயதோடு முடிந்துவிடும். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்கள் முழு விலையை வைத்தே கணக்கிட வேண்டும். கார்ல்ஸ்பிளாட்ஸில் இருக்கும் வீன் மியூசியம் 2023 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து அதன் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. க்ளிம்ட்டின் 'முத்தம்' ஓவியம் மேல் பெல்வெடேர் மாளிகையில் இருக்கிறது, அதற்கு நேரம் குறித்த சீட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். ஷோன்ப்ருன் அரண்மனைக்குள் போகக் காசு, தோட்டத்துக்கு இல்லை. தோட்டமும் மேட்டிலிருந்து தெரியும் காட்சியுமே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். ஞாயிறு பிற்பகல் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 71 எண் ட்ராமில் ஏறி மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். இரண்டாவது வாசலில் இறங்கினால் பேத்தோவன், ஷூபர்ட், ப்ராம்ஸ் மூவரும் பக்கத்தில் பக்கத்தில்.

ஓபராவில் நின்று பார்க்கும் இடம் மலிவு, சினிமா டிக்கெட் விலைதான். அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றே விற்பார்கள். உள்ளே போனதும் உங்கள் இடத்துக்கு எதிரே உள்ள கம்பியில் மெல்லிய ஸ்கார்ஃப் ஒன்றைக் கட்டிவிட வேண்டும். கட்டியாயிற்று என்றால் அந்த இடம் உங்களுடையது, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். மேல்கோட், பை எதையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், பாதுகாப்பறையில் கொடுத்துவிடுங்கள். மூன்றரை மணி நேர வாக்னர் ஓபராவை முதல் தடவையே நின்று பார்க்கத் துணிய வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் புச்சினி ஓபரா எதையாவது தேர்ந்தெடுங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ரிட்டாட்டன்சூப்பெ என்று மெனுவில் இருப்பது தோசைக் கீற்று மிதக்கும் சூப் மாதிரிதான் தெரியும். அடியில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு. சீஸ் சேர்த்த நூடுல்ஸ் மாதிரியான கேஸெஷ்பெட்ஸ்லெ, பிய்த்துப் போட்ட இனிப்பு அடை மாதிரியான கைசர்ஷ்மார்ன் இரண்டும் வயிறு நிறையும். கேஸெக்ரைனர் என்பதில் சீஸ் என்ற சொல் இருந்தாலும் அது சாசேஜ். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், ஆல்ப்ஸ் ஊற்று நீர்தான் குழாயில் வருகிறது. தெருவோரக் குழாயிலும் பிடித்துக் குடிக்கலாம்.

பிராக்கில் இறங்கியதும்

முதல் பிரச்சினை பணம். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. ஒரு யூரோவுக்குச் சுமார் 24, 25 கொருனா. மனக்கணக்கு எளிது: விலையை நான்கால் பெருக்கிக் கடைசி இரண்டு எண்ணை நீக்குங்கள். 300 கொருனா என்றால் 12 யூரோ.

பெரும்பாலான இடங்களில் கார்டு போதும். ஏடிஎம் தேவைப்பட்டால் வங்கிச் சுவரில் இருக்கும் இயந்திரத்துக்குப் போங்கள்: செஸ்கா ஸ்பொரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்றவை. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் நீலமும் மஞ்சளுமான இயந்திரங்களைத் தவிருங்கள். எந்த இயந்திரமானாலும் கடைசித் திரையில் ஒரு கேள்வி வரும்: உங்கள் யூரோவிலேயே கணக்கிடட்டுமா, கொருனாவிலா? யூரோ என்பதைப் பெரிதாக, பச்சையில் காட்டும். மறு பொத்தானை அழுத்தினால் பணமே வராதோ என்று பயப்படும்படி எழுதியிருக்கும். பயப்படாமல் கொருனா, அல்லது மாற்றம் வேண்டாம் என்பதை அழுத்துங்கள். யூரோவை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலையில் நூறுக்குப் பத்து யூரோவுக்கு மேலும் போகலாம். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி, இதே பதில்.

பணமாற்றுக் கடையில் 'கமிஷன் 0 சதவீதம்' என்று பலகை இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மாற்று விலையில்தான் அவர்கள் லாபம். "100 யூரோ கொடுத்தால் எத்தனை கொருனா கையில் வரும்?" என்று கேளுங்கள். ஏமாந்தாலும் வழி இருக்கிறது: 2019 ஏப்ரல் முதல், 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கி எறியாமல் இருந்தால் போதும். தெருவில் வந்து நல்ல விலை தருகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம். கையில் தருவது வேறு ஏதோ நாட்டுச் செல்லாத நோட்டு.

அடுத்த பொறி பழைய நகரச் சதுக்கத்தில் அனலில் சுழலும் பன்றி ஹாம். பலகையில் இருக்கும் விலை 100 கிராமுக்கு. வெட்டுபவர் கேட்காமலே 300, 400 கிராம் தட்டில் போடுவார். இத்தனை கிராம் என்று முன்கூட்டியே சொல்லி, தராசைப் பாருங்கள். புகைபோக்கி வடிவ இனிப்பு ரொட்டி த்ரெதெல்னீக்கைப் பழங்காலச் செக் பலகாரம் என்று விற்பார்கள், ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ருசிக்காக வாங்குவது உங்கள் விருப்பம். சைவத்துக்கு வறுத்த சீஸான ஸ்மஜெனீ ஸீர் எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு அடையான ப்ரம்போராக்கில் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கலாம், 'பெஸ் மஸா' என்று கேளுங்கள். இறைச்சி இல்லாமல் என்று பொருள். டாபா பேயாஸ் என்ற சைவக் கடைகளில் தட்டை எடை போட்டுக் காசு வாங்குவார்கள். சாதமும் பருப்பும் தேடி அலைபவர்களுக்கு அது போதும். மலிவு மதியச் சாப்பாடு என்று பலரும் சிபாரிசு செய்யும் மதிய மெனு, பிராக்கிலும் வியன்னாவிலும் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான். வார இறுதி பட்ஜெட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

ட்ராம், மெட்ரோ டிக்கெட்டை மஞ்சள் இயந்திரத்தில் குத்த வேண்டும். செயலியில் எடுத்தால் ஏறுவதற்கு முன்பே செயல்படுத்துங்கள்; அது உயிர்பெறச் சற்று நேரமாகும், பரிசோதகரைப் பார்த்தபின் அழுத்தினால் செல்லாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சார்லஸ் பாலத்தில் இருங்கள். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம், அரை கிலோமீட்டர் நீளம். ஒன்பது மணிக்குமேல் தலைகள்தான் தெரியும். எட்டரைக்கு 22 எண் ட்ராமில் மேலேறி 'ப்ராஜ்ஸ்கீ ஹ்ராத்' நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டைக்கு ஏற்றம் ஏற வேண்டியதில்லை, சோதனை வரிசையும் குறைவு. இந்த ட்ராமில் பர்ஸும் போனும் முன்பக்கப் பையில் இருக்கட்டும். கோட்டை வளாகத்துக்குள் நுழையக் காசு வேண்டாம். பேராலயம், பழைய அரண்மனை, பொற்கொல்லர் சந்து ஆகியவற்றுக்கு ஒரே சீட்டு. பார்த்து முடித்து நடந்தே இறங்குங்கள். சனி காலை ஆற்றங்கரையில் நாப்லாவ்கா உழவர் சந்தை இரண்டு மணி வரை உண்டு. 1410இல் பொருத்திய வானியல் கடிகாரத்தின் மணிக்கொருமுறை பொம்மை ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காகத் திட்டத்தை வளைக்க வேண்டாம். மாலையில் கூட்டமில்லாத இடம் வேண்டுமென்றால் மெட்ரோ சி பாதையில் விஷெஹ்ராத். கோட்டைச் சுவரில் நின்றால் கீழே ஆறு, கட்டணம் கிடையாது.

ஞாயிறு திரும்பும் முன்

வண்டிக்கு ஒரு மணி நேரம் முன் நிலையத்தில் இருங்கள். பிராக்கில் பஸ் ஃப்ளோரென்ட்ஸிலிருந்தா பிரதான ரயில் நிலையத்திலிருந்தா என்று டிக்கெட்டில் மறுபடி பாருங்கள். இரண்டும் மெட்ரோ சி பாதையில் அடுத்தடுத்த நிறுத்தங்கள்தான், ஆனால் பெட்டியோடு ஓடினால் இருபது நிமிடம் போய்விடும். மிச்சமிருக்கும் கொருனா சில்லறையைச் செலவழித்துவிடுங்கள், நாணயத்தை மியூனிக்கில் யாரும் மாற்ற மாட்டார்கள். பஸ்ஸில் பாஸ்போர்ட்டை மேலே வைக்கும் பெட்டிக்குள் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மியூனிக்கிலும் ஞாயிறு இரவு கடை இருக்காது. திங்கள் காலைக்கு வேண்டிய பாலும் ரொட்டியும் பிராக்கின் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடலாம். வியன்னா என்றால் பிரதான நிலையத்துக்குள் இருக்கும் கடையில், வரிசைக்கு இருபது நிமிடம் ஒதுக்கி.